சும்மா இருந்த 24 கோர்கள்

மாதக் கடைசி, இரவு பதினொன்றரை மணி. ரிப்போர்ட் ஓடிக்கொண்டே இருந்தது, முடிந்தபாடில்லை. 16 கோர் உள்ள பழைய சர்வரில் மூன்று மணி நேரம் பிடித்த வேலை அது. அந்த வாரம்தான் 32 கோர் உள்ள புதிய சர்வருக்கு மாற்றியிருந்தோம். பாதி நேரத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் பிரிவில் இருந்தவர்களிடம் நானே சொல்லியிருந்தேன். இரண்டரை மணி நேரம் ஆகியும் ஐந்தில் ஒரு பங்கு பாக்கி இருந்தது.

எந்த வேலை எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். லோட் ஆவரேஜ், அதாவது ஓடுகிற, ஓடக் காத்திருக்கிற பிராசஸ்களின் (ஓடும் நிரல்களின்) சராசரி எண்ணிக்கை, 40ஐத் தொட்டிருந்தது. அதே திரையில் இரண்டு வரி கீழே, சிபியு 75 சதவீதம் ஐடில். 40 பேர் வேலை கேட்டு நிற்கிறார்கள், முக்கால்வாசி சிபியு சும்மா இருக்கிறது, இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாகும்? லினக்ஸில் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் பிராசஸ்களும் லோட் ஆவரேஜில் சேரும். அதனால் முதலில் டிஸ்க்கைத்தான் சந்தேகப்பட்டேன். அங்கே காத்திருப்பு ஒரு சதவீதம்கூட இல்லை. அப்புறம்தான் 1 என்ற விசையை அழுத்தினேன். டாப்பில் அதை அழுத்தினால் மொத்தக் கணக்கு விரிந்து ஒவ்வொரு கோரும் தனி வரியாக வரும்.

0 முதல் 7 வரை நூற்றுக்கு நூறு. 8 முதல் 31 வரை பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். 40 பிராசஸ்கள் கோருக்கு ஐந்தாக 8 கோர்களில் முட்டிமோதிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே 24 கோர்கள் கைகட்டி நின்றன.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன். அந்தத் திரை எனக்குள் கிளப்பிய கேள்விதான் பெரிது. எந்தப் பிராசஸ் எந்தக் கோரில் ஓடவேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? எதை வைத்து?

கல்லூரியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் படித்தவர்கள் எல்லோரும் ஷெட்யூலிங் கணக்கு, அதாவது எந்தப் பிராசஸை எப்போது ஓட்டுவது என்ற கணக்குப் போட்டிருப்போம். பி1, பி2, பி3 என்று சில பிராசஸ்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். வந்த வரிசைப்படி ஓட்டு, சின்ன வேலையை முதலில் ஓட்டு, ரவுண்ட் ராபினில் ஓட்டு, கான்ட் சார்ட் வரை, சராசரிக் காத்திருப்பு நேரத்தைக் கண்டுபிடி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நானும் நன்றாகத்தான் மதிப்பெண் வாங்கினேன். அந்தக் கணக்குகள் எல்லாவற்றிலும் சிபியு ஒன்றே ஒன்று. ஆகவே கேள்வியும் ஒன்றுதான்: அடுத்து யார்? இரண்டாவது சிபியு வந்த உடனே இன்னொரு கேள்வி வந்து சேர்கிறது: எங்கே? இந்த இரண்டாவது கேள்விதான் கடினமானது என்பது இத்தனை வருட அனுபவத்தில் என் முடிவு. பாடத்தில் அதற்குக் கடைசியில் ஒரு பக்கமோ இரண்டு பக்கமோதான் கிடைத்தது.

ஏன் கடினம்? கோர்கள் எல்லாம் ஒன்றுபோலத்தானே, எது காலியோ அதில் போட்டால் போயிற்று என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

எங்கள் ஊரில் சிறுவயதில் முடிவெட்டப் போகும் சலூனில் மூன்று நாற்காலிகள், ஒரே பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெஞ்சு நிறைந்துவிடும், தினத்தந்தி தாள் தாளாகப் பிரிந்து கைமாறும். ஒரு நாற்காலி காலியானால் வரிசையில் அடுத்தவர் எழுந்து போவார். அப்பா மட்டும் எழ மாட்டார். ‘நான் நடு நாற்காலிக்கு இருக்கேன், நீங்க போங்க’ என்பார். அப்பாவுக்குத் தலையில் எங்கே சுழி, காதுக்குப் பின்னால் எங்கே தழும்பு என்று நடு நாற்காலிக்காரருக்குத் தெரியும். வேறொருவரிடம் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லவேண்டும். அதற்குப் பத்து நிமிடம் காத்திருப்பதே மேல் என்பது அப்பாவின் கணக்கு.

பிராசஸுக்கும் அப்படி ஒரு நடு நாற்காலி உண்டு. ஒரு கோரில் கொஞ்ச நேரம் ஓடினால், அது தொட்ட தரவெல்லாம் அந்தக் கோரின் கேஷில், அதாவது அதன் பக்கத்திலேயே இருக்கும் வேகமான சிறு மெமரியில், வந்து உட்கார்ந்துவிடும். முதல் நிலை கேஷ் சிறியது, பல சில்லுகளில் 32 கிலோபைட்தான். ஆனால் அதிலிருந்து எடுக்க நாலைந்து கடிகாரத் துடிப்புகள் போதும். அங்கே இல்லாமல் மெயின் மெமரி வரை போகவேண்டி வந்தால் சுமார் 100 நானோசெகண்ட், அதாவது 3 கிகாஹெர்ட்ஸ் கோரில் 300 துடிப்புகள். பிராசஸை இன்னொரு கோருக்குத் தூக்கிப் போட்டால் சேர்த்து வைத்ததெல்லாம் பழைய இடத்திலேயே நின்றுவிடும், புதிய இடத்தில் ஒவ்வொன்றாக மறுபடி கொண்டுவர வேண்டும். அதற்காக இருந்த இடத்திலேயே வைத்திருந்தால் அங்கே வரிசை நீளும், பக்கத்துக் கோர் சும்மா இருக்கும். இந்த இழுபறிக்கு நிரந்தரமான தீர்வு கிடையாது, அந்தந்த நொடிக்கு ஒரு சமாதானம்தான்.

தொடக்க காலத்தில் கேள்வி இந்த அளவுக்குக்கூட வரவில்லை. 1980களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கோபிளும் மைக் மார்ஷும் ஒரு வாக்ஸ் 11/780 கணினியில் இரண்டாவது சிபியுவைச் சேர்த்து யூனிக்ஸை ஓட்டினார்கள். அதில் ஒன்று முதலாளி, மற்றது கையாள். கெர்னல் வேலை, அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி செய்யும் வேலை, முழுக்க முதலாளி சிபியுவில்தான் நடக்கும். கையாளிடம் ஓடும் பிராசஸ் ஒரு ஃபைலைத் திறக்க விரும்பினால்கூட முதலாளியிடம் திரும்பி வரவேண்டும். லினக்ஸும் 1996இல் 2.0 பதிப்பில் பல சிபியுக்களை ஆதரிக்கத் தொடங்கியபோது ஒரே ஒரு பெரிய பூட்டை வைத்துத்தான் தொடங்கியது. எந்த சிபியு வேண்டுமானாலும் கெர்னலுக்குள் நுழையலாம், ஆனால் ஒரு சமயத்தில் ஒன்றுதான். அந்தப் பெரிய பூட்டின் கடைசி மிச்சத்தைக் கழற்றி எறிய 2011 வரை ஆனது.

லினக்ஸ் 2.4 பதிப்புக் காலத்து ஷெட்யூலரை, அதாவது யார், எங்கே என்று முடிவு செய்யும் கெர்னல் பகுதியை, எனக்கு இன்றைக்கும் பிடிக்கும், படித்தால் புரியும் என்பதால். சலூனைப் போலவே ஒரே பெஞ்சு. காத்திருக்கும் பிராசஸ்கள் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். ஒரு சிபியு காலியானால் வரிசை முழுவதையும் நடந்து பார்த்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடும், அதிகம் வாங்கியதை ஓட்டும். கடைசியாக இதே சிபியுவில் ஓடிய பிராசஸா? அப்படியானால் இன்டெல் கணினிகளில் கூடுதலாக 15 மதிப்பெண். நடு நாற்காலிக்கு அப்பா கொடுத்த முன்னுரிமையை ஒரு எண்ணாக எழுதிவைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டு மூன்று சிபியு வரை இது நன்றாகவே ஓடியது. சிபியுக்கள் கூடக் கூட ஒரே பெஞ்சு சந்தைக்கடை ஆனது. வரிசையைத் தொடவேண்டும் என்றால் அதன் பூட்டைப் பிடிக்கவேண்டும், எல்லா சிபியுக்களும் அதே பூட்டுக்காக நின்றன. ஆயிரம் பிராசஸ் இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஆயிரத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். யாருக்கு வேலை கொடுப்பது என்று தேடுவதிலேயே வேலை நேரம் போனது.

2002 ஜனவரியில் ஹங்கேரியைச் சேர்ந்த இங்கோ மோல்னார் புதிய ஷெட்யூலர் ஒன்றை வெளியிட்டார். அது 2003 டிசம்பரில் 2.6 பதிப்போடு எல்லோருக்கும் வந்தது. அதில் ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி வரிசை, தனிப் பூட்டு. 140 முன்னுரிமைப் படிகள், எந்தப் படியில் ஆள் இருக்கிறது என்று காட்ட ஒரு பிட் அட்டவணை. எத்தனை பிராசஸ் இருந்தாலும் அடுத்ததை எடுக்க ஒரே அளவு நேரம்தான். எந்த சிபியுவும் இன்னொன்றின் வரிசையைத் தொடவேண்டியதில்லை என்பதால் பூட்டுக்கான சண்டை அடங்கியது. பிராசஸ் தன் வரிசையிலேயே இருப்பதால் கேஷும் சூடாக இருந்தது.

ஆனால் தனித்தனி வரிசை என்றால் ஒன்று நீளும், ஒன்று காலியாகும். எந்த வரிசை எவ்வளவு நீளம் என்று யாராவது அவ்வப்போது எட்டிப் பார்த்து ஆள் மாற்றவேண்டும். இதற்குப் பெயர் லோட் பேலன்ஸிங். முதல் பார்வைக்கு இது ஒரு துணை வேலை மாதிரி தெரியும். உண்மையில் ‘எங்கே’ என்ற கேள்வி முழுவதும் இங்கேதான் வந்து இறங்கியது.

லினக்ஸில் இந்த எட்டிப் பார்த்தல் மூன்று சமயங்களில் நடக்கிறது. தூங்கிக்கொண்டிருந்த பிராசஸ் விழிக்கும்போது, பழைய கோரிலேயே போடுவதா, எழுப்பிவிட்டவனின் பக்கத்தில் போடுவதா என்று பார்க்கிறது. ஒரு கோர் காலியாகும் அந்த நொடியில் பக்கத்து வரிசைகளைப் பார்க்கிறது. இவை போக, குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு முறை. யாரைத் தூக்குவது என்பதற்கும் ஒரு விதி இருக்கிறது. கடந்த அரை மில்லிசெகண்டுக்குள் ஓடிய பிராசஸ் என்றால் அதன் கேஷ் இன்னும் சூடாக இருக்கும் என்று விட்டுவிடும். ஆனால் பல தடவை முயன்றும் ஆள் கிடைக்காவிட்டால் சூடானதையும் தூக்கிவிடும். கல்யாணத்துக்குக் கிளம்பவேண்டிய நாளில் அப்பாவும் எந்த நாற்காலி கிடைத்தாலும் உட்கார்ந்துவிடுவார், அந்த மாதிரி.

எல்லாக் கோர்களும் ஒரே தூரத்தில் இல்லை என்பது அடுத்த சிக்கல். ஹைப்பர்த்ரெடிங்கில் இரண்டு ‘சிபியு’க்கள் உண்மையில் ஒரே கோரைப் பங்குபோடுகின்றன. ஒரே சாக்கெட்டில், அதாவது ஒரே சில்லில், உள்ளவை பெரும்பாலும் கடைசி நிலை கேஷைப் பகிர்ந்துகொள்கின்றன. இன்னொரு சாக்கெட்டில் உள்ளதற்கு மெமரியே தனி, இந்தப் பக்கத்து மெமரியைத் தொட அது தூரம் போகவேண்டும். அதனால் நிக் பிகின் 2004இல் ‘ஷெட்யூலிங் டொமைன்’ என்ற அடுக்கு முறையைக் கொண்டுவந்தார். வீட்டுக்குள் மாற்றுவது எளிது, தெருவுக்குள் மாற்றக் கொஞ்சம் யோசி, ஊர் விட்டு ஊர் மாற்றுவதென்றால் நன்றாக யோசி. அடுக்கு உயர உயரப் பார்வையும் மெதுவாகும், தயக்கமும் கூடும்.

இவ்வளவு கவனமாகச் செய்தும் எப்படித் தவறுகிறது என்பதைச் சொல்லத்தான் இதையெல்லாம் சொன்னேன். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2001இல், ஷெட்யூலர் அளவுக்குக் காலத்தைத் தாண்டி நின்ற பகுதிகள் அதிகம் இல்லை, ஷெட்யூலிங் எளிது என்பதற்கு அதுவே சான்று என்று எழுதினார். 2016இல் யூரோசிஸ் என்ற கணினித்துறை மாநாட்டில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. ஜான்-பியேர் லோசி, அலெக்ஸாண்ட்ரா ஃபெடரோவா உள்ளிட்டோர் எழுதியது. பத்தாண்டுகளாக வீணான கோர்கள் என்று பொருள்படும் தலைப்பு. 8 மெமரி முனைகளும் (சில கோர்களும் அவற்றுக்குரிய மெமரியும் சேர்ந்தது ஒரு முனை) 64 கோர்களும் கொண்ட ஏ.எம்.டி. கணினியில் லினக்ஸை ஓட்டி, வரிசையில் த்ரெட்கள் (ஒரு பிராசஸுக்குள் தனித்தனியாக ஓடும் கிளைகள்) காத்திருக்கும்போதே சில கோர்கள் நொடிக்கணக்கில் சும்மா இருக்கின்றன என்று காட்டினார்கள். காரணமான பிழைகள் நான்கு.

அதில் ஒன்றை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு டெர்மினலில் 64 த்ரெட்களோடு ‘மேக்’ ஓடுகிறது, கெர்னலைக் கம்பைல் செய்ய. வேறு டெர்மினல்களில் ‘ஆர்’ மொழியில் எழுதிய புள்ளியியல் வேலைகள், ஒவ்வொன்றும் ஒரே த்ரெட். டெர்மினலுக்கு ஒரு பங்கு என்று லினக்ஸ் நியாயமாகப் பிரிக்கும். அதனால் ஆர் த்ரெட் முழுப் பங்கையும் ஒற்றை ஆளாகச் சுமக்கிறது. மேக்கின் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் 64இல் ஒரு பங்கு எடைதான். இப்போது ஒரு முனையின் 8 கோர்களில் ஒன்றில் ஆர் ஓடுகிறது, மற்றவற்றில் சில காலி. லோட் பேலன்ஸர் அந்த முனையின் சராசரி எடையைப் பார்க்கிறது. ஆர் ஒன்றே சராசரியைத் தூக்கிவிடுவதால் ‘இங்கே ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது’ என்று நினைத்துப் பக்கத்து முனையிலிருந்து எதையும் இழுப்பதில்லை. காலிக் கோர் காலியாகவே கிடக்கிறது. சராசரிக்குப் பதிலாக மிகக் குறைந்த எடையை ஒப்பிடு என்று அவர்கள் திருத்தினார்கள், மேக் 13 சதவீதம் சீக்கிரம் முடிந்தது.

என் டாப் திரையில் முதலில் நான் பார்த்ததும் சராசரிதான், 75 சதவீதம் ஐடில் என்று. 1 விசையை அழுத்தும்வரை எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

இன்னொரு பிழையை நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஒரு கோரை அணைத்து மறுபடி இயக்கினால், முனைகளுக்கிடையே ஆள் மாற்றும் வேலை மொத்தமாக நின்றுவிட்டது. நிரலை ஒழுங்குபடுத்தியபோது யாரோ ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் வரியைத் தவறவிட்டிருந்தார்கள். எல்லா த்ரெட்களும் ஒரே முனைக்குள் அடைந்து கிடந்தன. ‘எல்.யூ.’ என்ற அறிவியல் கணக்கு நிரல் அதனால் 138 மடங்கு மெதுவானது. எங்கும் பிழைச் செய்தி கிடையாது, எதுவும் நொறுங்கவில்லை. கோர் காலியாக இருப்பது யாருக்கும் வலிக்காது என்பதால்தான் இவை வருடக்கணக்கில் ஒளிந்திருந்தன. அதனால் அவர்கள் நொடிக்கு ஒரு முறை பார்க்கும் சோதனை நிரல் ஒன்றையே எழுதினார்கள். ஒரு கோர் காலியாக இருக்க இன்னொன்றில் ஆள் காத்திருக்கிறாரா? 100 மில்லிசெகண்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கிறாரா? அவ்வளவுதான் அந்தச் சோதனை.

கோர் அதிகம் இருந்தால் நல்லதுதானே என்ற எண்ணத்தையே அசைக்கும் கணக்கு ஒன்று இன்னும் பழையது. பெல் ஆய்வகத்தில் இருந்த ரொனால்ட் கிரஹாம் 1960களில் எழுதியது. 9 வேலைகள். முதல் வேலைக்கு 3 அலகு நேரம், இரண்டு மூன்று நான்குக்கு 2 அலகு வீதம், ஐந்து முதல் எட்டு வரை 4 அலகு வீதம், ஒன்பதாவதற்கு 9 அலகு. நான்காவது முடிந்தால்தான் ஐந்து முதல் எட்டு வரை தொடங்கலாம். முதலாவது முடிந்தால்தான் ஒன்பதாவது. காலியாகும் பிராசஸர், தொடங்கத் தயாராக இருப்பவற்றில் எண் வரிசைப்படி முதலாவதை எடுத்துக்கொள்ளும். 3 பிராசஸர் இருந்தால் எல்லாம் 12ஆவது அலகில் முடியும். 4 பிராசஸர் கொடுங்கள், 15 ஆகும். தாளில் வரைந்து பாருங்கள். நான்காவது பிராசஸர் நான்காவது வேலையை ஆரம்பத்திலேயே முடித்துவிடுகிறது. உடனே நடுத்தர வேலைகள் நான்கும் பாய்ந்து நான்கு இடங்களையும் பிடித்துக்கொள்கின்றன. 3ஆவது அலகில் தொடங்கியிருக்கவேண்டிய பெரிய வேலைக்கு 6ஆவது அலகில்தான் இடம் கிடைக்கிறது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அந்தப் பழைய பழக்கத்தில் இதை வரைந்து பார்த்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு தடவை சரிபார்த்தேன்.

‘அடுத்து யார்’ என்பதற்கு லினக்ஸில் பிறகும் புதுப்புது பதில்கள் வந்தன. ஆஸ்திரேலியாவில் மயக்கவியல் மருத்துவராக இருந்த கான் கோலிவாஸ், வீட்டுக் கணினியில் எலி நகர்த்தினால் திக்காமல் நகரவேண்டும் என்ற ஆதங்கத்தில் ஷெட்யூலர் எழுதினார். எல்லோருக்கும் நியாயமான பங்கு என்ற அவரது அணுகுமுறை இங்கோ மோல்னாரையும் தொட்டு, 2007இல் 2.6.23 பதிப்பில் சி.எஃப்.எஸ். (முழுக்க நியாயமான ஷெட்யூலர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) வந்தது. கான் மனம் கசந்து விலகினார். 2009இல் திரும்பி வந்தபோது அவர் கொண்டுவந்த ஷெட்யூலரில், எல்லா சிபியுவுக்கும் மறுபடி ஒரே வரிசை! வீட்டுக் கணினியில் நான்கு கோர்தான், பேலன்ஸிங் தொல்லையே வேண்டாம் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. 2023இல் 6.6 பதிப்பில் சி.எஃப்.எஸ்.ஸின் இடத்துக்கு இ.இ.வி.டி.எஃப். என்ற முறை வந்தது. அப்போதும் மாறியது ஒரு வரிசைக்குள் யாரை எடுப்பது என்பதுதான். வரிசைகளுக்கிடையே ஆள் மாற்றும் பகுதி பெரும்பாலும் பழையபடியே தொடர்ந்தது.

கையில் இருக்கும் ஃபோனில் இது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. ஏ.ஆர்.எம். நிறுவனம் 2011இல் அறிவித்த பிக்-லிட்டில் முறையில் பெரிய கோர், சின்னக் கோர் என்று இரண்டு ரகம். பெரியது வேகம், சின்னது பேட்டரிக்கு மிச்சம். இங்கே ‘எங்கே’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மின்சாரக் கணக்கும் தெரியவேண்டும். லினக்ஸ் அதை 2019இல் 5.0 பதிப்பில் கற்றுக்கொண்டது.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். ரிப்போர்ட் பிராசஸ் ஒன்றின் எண்ணை எடுத்து, ஒவ்வொரு பிராசஸின் விவரமும் கிடைக்கும் ப்ராக் அடைவில் அதன் ஸ்டேட்டஸ் ஃபைலைத் திறந்தேன். அனுமதிக்கப்பட்ட சிபியுக்கள் என்ற வரியில் 0-7 என்று இருந்தது. ஷெட்யூலர் மேல் ஒரு தவறும் இல்லை. பழைய சர்வரில் ரிப்போர்ட் ஓடும்போது வெப் அப்ளிகேஷன் திணறக்கூடாது என்று, பாதிக் கோர்களுக்குள் அதைக் கட்டிப்போட ஸ்டார்ட் ஸ்கிரிப்டில் டாஸ்க்செட் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். 16இல் பாதி 8. இடம் மாறியபோது ஸ்கிரிப்டும் அந்த வரியோடு வந்துவிட்டது. தாய்ப் பிராசஸைக் கட்டினால் அது பெற்றுப்போடும் பிள்ளைகள் எல்லாம் அதே கட்டோடுதான் பிறக்கும். 40 பேரையும் அப்படித்தான் பிடித்து வைத்திருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டை அவிழ்க்க அதே டாஸ்க்செட்டால் முடியும். ஒவ்வொரு எண்ணாகக் கொடுத்து அவிழ்த்தேன். ஐந்தாறு பிராசஸ்களை விடுவிப்பதற்குள்ளேயே 8ஆம் கோருக்கு மேலே எண்கள் ஏறத் தொடங்கின. மிச்சம் இருந்த வேலை பத்து நிமிடத்துக்குள் முடிந்தது.

அதற்கு அடுத்த வருடம் அதே மாதிரி கட்டிப்போடும் வேலையை நானே இன்னொரு கணினியில் செய்தேன். இரண்டு சாக்கெட், இரண்டு டேட்டாபேஸ்கள். நியூமாகன்ட்ரோல் என்ற கட்டளையில் முனைகளின் தூரம் 10 என்றும் 21 என்றும் காட்டியது. தன் மெமரிக்கு 10, அடுத்த சாக்கெட்டின் மெமரிக்கு 21. ஒவ்வொரு டேட்டாபேஸையும் ஒவ்வொரு சாக்கெட்டில் அதன் மெமரியோடு சேர்த்துக் கட்டினேன். பதில் நேரம் சீரானது, திடீர் ஏற்றங்கள் நின்றன. இந்த முறை ஸ்கிரிப்டில் அந்த வரிக்கு மேலே ஏன் கட்டினோம், எத்தனை கோர் கணினியில் கட்டினோம் என்று நான்கு வரிக் குறிப்பும் எழுதினேன்.

உங்களிடம் லினக்ஸ் இருந்தால் பி.எஸ். கட்டளையில் பி.எஸ்.ஆர். என்ற பத்தியைக் கேட்டுப் பாருங்கள். பிராசஸ் எந்தக் கோரில் இருக்கிறது என்று காட்டும். இதை எழுதிக்கொண்டிருக்கும் எடிட்டரை நான் நொடிக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் 5. பக்கத்தில் ஒரு பெரிய ஃபைலைச் சுருக்கப் போட்டதும் 5, 2, 2, 6. அது முடிந்த பிறகு 6இலேயே தங்கிவிட்டது.